மரத்துப்போன தேமலா? நரம்பைக் கவனியுங்கள்!

'நரம்பு' என்றதும் நம்மில் பலருக்குச் சுவர் விளம்பரத்தில் வருகிற நரம்புத் தளர்ச்சிதான் ஞாபகத்துக்கு வரும். அதை விடுங்கள். வலிப்பு, பக்கவாதம், ஒற்றைத் தலைவலி, சர்க்கரையால் வரும் கால் எரிச்சல் இவைதான் நாம் அடிக்கடி பார்க்கிற நரம்பு வியாதிகள். இந்த வரிசையில் யாரும் சேர்க்காமல் விட்டுவிடுகிற ஒன்று, தொழுநோய்.

'அது தோல் வியாதி ஆச்சே?' என்பீர்கள். தோலில் தெரிகிறது, அவ்வளவுதான். 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்த அந்தக் கிருமிக்கு ரொம்பப் பிடித்த இடம் நரம்பு. அதிலும், தோலை ஒட்டிக் குளிர்ச்சியாக இருக்கும் நரம்புகள். முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் 'சுரீர்' என்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் சுற்றிப் போகிற நரம்பு கெட்டால் பாதம் தொங்கி, நடக்கும்போது செருப்பு நழுவும். முக நரம்பு கெட்டால் இமை மூடாது. கண் காய்ந்து பார்வைக்கே ஆபத்து.

விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி போன கையால் சோற்றுப் பானையை இறக்கினால் சுடாது. கொப்புளம் மட்டும் வரும். வலிக்கவில்லையே என்று அந்தப் புண்ணோடே களை எடுப்பார்கள், விறகு வெட்டுவார்கள். புண் ஆறாமல் எலும்பு வரை போய், விரல் குட்டையாகிறது. வலி நமக்கு எவ்வளவு பெரிய காவல்காரன் பாருங்கள்!

இது வெளிச்சத்துக்கு வந்ததில் நம்ம பக்கத்துக்கும் பங்கு உண்டு. மதுராந்தகத்தில் ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் செங்கல்பட்டு. அதை ஒட்டிய திருமணியில் 1924-ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு ஏற்று, பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதற்கு முன்பே, 1947-ல், வேலூர் சி.எம்.சி.யின் எலும்பு அறுவை டாக்டர் பால் பிராண்ட் செங்கல்பட்டுக்கு வந்தார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடிக்கச் சொன்னார். பிடி இடுக்கி மாதிரி இறுகி, டாக்டருக்கு வலித்துவிட்டது! சில தசைகள்தான் செத்திருக்கின்றன, மற்றவை பலமாகவே இருக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது. நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை பிறகு வேலூரில் வளர்ந்தது.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்பில் வெளுத்தோ சிவந்தோ ஒரு படை இருக்கிறதா? அரிக்காது, வலிக்காது. அங்கே வியர்க்காது, முடியும் குறையும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் அந்த இடத்தைத் தொடுங்கள். தொட்ட இடத்தைக் காட்டத் தெரியவில்லையென்றால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேமல் களிம்பு தடவிக்கொண்டு மாசக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கல்யாண வயசுப் பெண் என்று மறைக்கிற அம்மாக்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன். மறைக்கிற மாதங்களில்தான் நரம்பு சாகிறது.

கூட்டு மருந்து இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கொஞ்சம் கறுக்கும். பயப்படாதீர்கள், இரண்டுமே மருந்தின் வேலை. மருந்து ஆரம்பித்த சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். ஒரு காலத்தில் இந்த நோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. 2019-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பிறகோ திடீரென்று படை சிவந்து வீங்கினாலோ, முழங்கையில் நரம்பு வலித்தாலோ, கை பலம் குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் பல பேருக்கு நரம்பு பிழைத்துக்கொள்ளும். ஆறு மாதம் தாண்டிவிட்டால் போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம்.

பாதம் ஏற்கெனவே மரத்துப்போனவர்கள் தினமும் ராத்திரி தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். முள் தைத்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.