முதல் சுற்றில் டேபிள், இரண்டாம் சுற்றில் உறவு

யூஎம்எல் கிளாஸ் மாடலை டேட்டாபேஸ் டேபிள்களாக மாற்றும் நிரலைக் கெர்மெட்டா என்ற மாடலிங் மொழியில் எழுதினேன். மூன்று கிளாஸ் கொண்ட சோதனை மாடலில் பிசகில்லாமல் ஓடியது. உண்மையான மாடலைக் கொடுத்ததும் பல ஃபாரின் கீகள் காணாமல் போயின. ‘ஆர்டர்’ ‘கஸ்டமரை’ச் சுட்டியது, ‘கஸ்டமர்’ தன் கடைசி ‘ஆர்டரை’ச் சுட்டியது. ஆர்டரைக் கையாளும் நேரத்தில் கஸ்டமருக்கு இன்னும் டேபிளே பிறந்திருக்கவில்லை.

அதற்கு முன் ஏடிஎல் என்ற மாடல் மாற்ற மொழியில் பழகியிருந்தேன். அங்கே விதிகளை எழுதிவிட்டால் போதும். எஞ்சினே முதலில் இலக்கு உறுப்புகளை உருவாக்கி, பிறகு இணைப்புகளை நிரப்பும். எதிலிருந்து எது வந்தது என்ற தடத்தையும் வைத்திருக்கும். பிரான்ஸின் ரென் நகரில் இன்ரியா ஆய்வாளர்கள் உருவாக்கிய கெர்மெட்டாவின் வழி வேறு. மெட்டாமாடலின் கிளாஸ்கள்மீதே இயங்கும் ஆபரேஷன்களை ஏற்றலாம். மெட்டாமாடல் இருக்கும் ஈகோர் கோப்பைத் தொடவே வேண்டாம். எந்த வேலை எப்போது நடக்கவேண்டும் என்பதை மட்டும் நாம்தான் சொல்லவேண்டும்.

இப்போது இரண்டு சுற்றாகவே எழுதுகிறேன். முதல் சுற்றில் டேபிள்களை மட்டும் உருவாக்கி, எந்த கிளாஸுக்கு எந்த டேபிள் என்று ஒரு மேப்பில் போடுகிறேன். இரண்டாம் சுற்றில் அதைப் பார்த்து ஃபாரின் கீ. மேப்பின் சாவி கிளாஸின் பெயராக இருக்கக்கூடாது, ஆப்ஜெக்டாகவே இருக்கவேண்டும். இரண்டு பேக்கேஜில் ‘அட்ரஸ்’ இருந்தால் பெயர் காலை வாரிவிடும்.

என் ஒரு நாளை முழுதாக விழுங்கியது வேறொரு பிழை. தாய் கிளாஸின் அட்ரிபியூட்டுக்கு ஒரு நெடுவரிசை ஆப்ஜெக்ட் செய்து, அதையே ஒவ்வொரு சேய் டேபிளிலும் சேர்த்தேன். கடைசி டேபிளில் மட்டும் அது மிஞ்சியது. எரர் எதுவும் வரவில்லை. இந்த மாடல்களைத் தாங்கும் இஎம்எஃப் சட்டகத்தில் கன்டெயின்மென்ட் உறவு என்றால் ஓர் ஆப்ஜெக்டுக்கு ஒரே கொள்கலன்தான். இன்னொன்றில் சேர்த்தால் பழைய இடத்திலிருந்து சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனியாகப் புதிய நெடுவரிசை செய்ததும் சரியானது.

ஒன்றுக்கு ஒன்று என்று நேராகப் பொருந்தும் மாற்றமா? ஏடிஎல் போதும், எழுதுவதும் குறைவு. பல அடுக்கு இன்ஹெரிட்டன்ஸை மடித்து ஒரே டேபிளாக்குவது போன்ற வேலைக்குத்தான் நான் கெர்மெட்டாவை எடுப்பேன்.

எதில் எழுதினாலும் முதல் சோதனை மாடலிலேயே ஒரு சுழல் உறவு, ஒரு தாய்க்கு இரண்டு சேய் கிளாஸ்கள், ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்கள் ஆகியவற்றை வைத்துவிடுங்கள்.