பழைய ஜீப்புக்குப் புது எஞ்சின்: ஸ்பானர் எடுக்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



எஞ்சின் ஸ்வாப் வீடியோ பார்க்காத மெக்கானிக்கல் பசங்க நம்ம காலேஜ்ல இருக்க மாட்டாங்க. பன்னிரண்டு நிமிஷத்துல பழைய எஞ்சின் வெளியே வந்துரும், புதுசு உள்ளே போயிரும், பின்னாடி மியூசிக்கோட வண்டி மலை ஏறிடும். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள்ள வராத விஷயங்களைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம். மூணாவது செமஸ்டர்ல இருந்து நாம மனப்பாடம் பண்ணி எழுதின ஃபார்முலா எல்லாம் ஒரே பானட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கு. அதுக்காகவே இதைப் படிக்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வண்டியைப் பிடிச்சுக்குவோம்: சி.ஜே.3பி ஜீப். உயரமான பானட், குட்டையான உடம்பு. போடி, வால்பாறை பக்கம் எஸ்டேட்டுகள்ல ஓடின அதே ஜாதி. அமெரிக்காவுல வில்லிஸ் கம்பெனி 1953-ல ஆரம்பிச்சு 1968 வரைக்கும் இதைச் செஞ்சாங்க. இங்க மஹிந்திரா லைசென்ஸ் வாங்கி அதுக்கப்புறமும் செஞ்சாங்க. பானட் ஏன் அவ்வளவு உயரம்னு யோசிச்சிருக்கீங்களா? உள்ளே இருக்கறது ஹரிக்கேன் எஃப்-ஹெட் பெட்ரோல் எஞ்சின். அதுல எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குல இருக்கும், இன்டேக் வால்வு மட்டும் மேலே ஹெட்டுக்குப் போயிருக்கும். அதனால எஞ்சின் உயரமாச்சு, பானட்டும் கூடவே உயர்ந்துச்சு. போர் 79.4 மி.மீ., ஸ்ட்ரோக் 111.1 மி.மீ. நாலு சிலிண்டருக்குப் பெருக்கிப் பாருங்க, சுமார் 2200 சி.சி. வரும். டார்க் ஏறக்குறைய 155 நியூட்டன் மீட்டர்.

இந்த எஞ்சினை எடுத்துட்டு, கொஞ்சம் புதுசான மஹிந்திரா 2523 சி.சி. டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசல் எஞ்சினை வீட்டு வாசல்லயே மாட்டணும்னு வெச்சுக்குவோம். மெக்கானிக்கல் பம்ப் உள்ளதாப் பாருங்க. காமன் ரெயில் எஞ்சின்னா அதோட இ.சி.யு., சென்சார், வயரிங் ஹார்னெஸ், சாவியோட இம்மொபிலைசர்னு முழுக் குடும்பத்தையும் கூட்டிட்டு வரணும். முதல் முறை செய்யறவங்களுக்கு அது வேண்டாம்ங்கறது என் கருத்து.

முதல் கேள்வி: எதுக்கு மாத்தறோம்?

"பவர் பத்தல, மேடு ஏறல"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்த ஜீப்போட டி-90 கியர்பாக்ஸ்ல ஃபர்ஸ்ட் கியர் 2.798. டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46. ஆக்சில் 5.38. மூணையும் பெருக்கினா சுமார் 37. அதாவது எஞ்சின் தர்ற 155 நியூட்டன் மீட்டர், வீலுக்குப் போகும்போது 5700-ஐத் தாண்டுது. டயர் ரேடியஸ் 0.36 மீட்டரால வகுத்தா தரையைத் தள்ற விசை கிட்டத்தட்ட 15,900 நியூட்டன். உராய்வுல கால்வாசி போயிடுச்சுன்னு வெச்சாலும் 11,900 மிச்சம்.

இப்போ டயர் பக்கம் வாங்க. ஆளோட சேர்த்து வண்டி 1200 கிலோ, நல்ல காய்ஞ்ச தரை, உராய்வுக் கெழு 0.8. டயர் தாங்கிப் பிடிக்கக் கூடிய அதிகபட்ச விசை சுமார் 9,400 நியூட்டன்தான். அப்படின்னா? லோ ஃபர்ஸ்ட்ல எஞ்சின் மூச்சுத் திணறறதுக்கு முன்னாடியே வீல் சுத்திடும். ஈர மண்ணுல இன்னும் சீக்கிரமாவே. மேடு ஏறாததுக்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சின் இல்ல, டயரு. அல்லது எஞ்சின் தேய்ஞ்சு கம்ப்ரஷன் போயிருக்கும், அதுக்கு ரீபோர் பண்ணினாலே போதும். இதை யாரும் வீடியோவுல சொல்றதில்ல, ஏன்னா ரீபோர் பண்ற வீடியோவை யாரும் பார்க்க மாட்டாங்க.

அப்போ டீசல் எங்க உதவும்? டாப் கியர்ல, குறைஞ்ச ஆர்.பி.எம்.ல இழுக்கறதுக்கும் எரிபொருள் செலவுக்கும். இதுல ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. இந்த மாதிரி டீசல் 3000 ஆர்.பி.எம். தாண்டினாலே கத்த ஆரம்பிச்சிடும். பழைய ஆக்சில் 5.38-ஐ அப்படியே விட்டா, டாப் கியர்ல 3000-க்கு வேகம் என்ன? 3000-ஐ 5.38-ஆல வகுத்தா வீல் நிமிஷத்துக்கு 558 சுத்து. டயர் விட்டம் 72 செ.மீ., சுற்றளவு 2.26 மீட்டர். பெருக்கினா மணிக்கு 75 கி.மீ. பெட்ரோல் எஞ்சினோ 4000 வரைக்கும் போகும், அப்போ 100 கி.மீ. அதாவது புது எஞ்சின் போட்டு வண்டியோட டாப் ஸ்பீடைக் குறைச்சிருக்கீங்க! இதைச் சரி பண்ண ஆக்சில் ரேஷியோவை 4.27 மாதிரி ஒண்ணுக்கு மாத்தினா 3000-ல 95 கி.மீ. வரும். ஆனா முன் ஆக்சில், பின் ஆக்சில் ரெண்டையும் ஒரே ரேஷியோவுக்கு மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டா, ரெண்டு ஆக்சிலும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸை உடைச்சிடும்.

95 கி.மீ. போகுதுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி பிரேக். என் பெரியப்பா இந்த மாதிரி ஒரு ஜீப்பை ரொம்ப வருஷமா வெச்சிருக்கார். டீசல் போடலாமான்னு நான் பேச்செடுத்தப்போ அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "எஞ்சின் மாத்தினா வண்டி ஓடும்டா தம்பி. நிக்குமா?" சி.ஜே.3பி-ல நாலு வீல்லயும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் சிங்கிள் சர்க்யூட். ஒரு இடத்துல பைப் ஓட்டையானா நாலு வீலுக்கும் பிரேக் போச்சு. இயக்க ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துக்கு நேர்விகிதம், இது பிளஸ் ஒன் பாடம். 75-ல இருந்து 95-க்குப் போனா டிரம் உள்வாங்க வேண்டிய வெப்பம் 60 சதவீதம் கூடுது. கூடவே டீசல் எஞ்சின் முன்பக்கம் கனம் ஏத்துது. அதனால டூயல் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், முடிஞ்சா முன்னாடி டிஸ்க், இதெல்லாம் எஞ்சின் வாங்கறதுக்கு முன்னாடி பட்ஜெட்ல வரணும். பணம் பத்தலன்னா எஞ்சினைத் தள்ளிப் போடுங்க, பிரேக்கைத் தள்ளிப் போடாதீங்க.

இன்னொரு விஷயம். டீசல் எஞ்சின்ல த்ராட்டில் கிடையாது, அதனால மேனிஃபோல்டுல வேக்யூம் கிடையாது. பிரேக் பூஸ்டர் வெச்சா அதுக்குத் தனியா வேக்யூம் பம்ப் வேணும். பழைய ஜீப்புல வைப்பர் கூட வேக்யூம்லதான் ஓடும். முதல் மழையிலதான் பல பேருக்கு இது ஞாபகம் வருது.

இப்போ பேப்பர் வேலை

போரடிக்கும்னு தாண்டிப் போகாதீங்க. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தோட பிரிவு 52 சொல்றது இதுதான்: ஆர்.சி. புக்குல இருக்கற விவரத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி ஓனர் மாத்தக் கூடாது. எஞ்சின் நம்பரும் எரிபொருள் வகையும் ஆர்.சி.யில இருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பிரிவை வெச்சு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்த முடியாதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. அதனால எஞ்சின் வாங்கறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் கேட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகு காசை எடுங்க. அனுமதி கிடைக்கலன்னா இந்தத் திட்டம் அங்கேயே நிக்குது. "யாரும் செக் பண்ண மாட்டாங்க மச்சி"ன்னு சொல்றவன் விபத்து நடந்தா உங்க கூட இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு வர மாட்டான். எஞ்சினைப் புதுப்பேட்டையில வாங்கினாலும் வேற எங்க வாங்கினாலும், அது எந்த வண்டியில இருந்து வந்ததுங்கற பேப்பர், பில், எஞ்சின் நம்பர் மூணும் பொருந்தணும்.

இதோட இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாதது. 2021-ல விண்டேஜ் வண்டிகளுக்குன்னு மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், வண்டி அசல் வடிவத்துல இருக்கணும், சேஸி, பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. உங்க ஜீப் 1960-கள்ல வந்ததுன்னா இன்னைக்கு அதுக்குத் தகுதி இருக்கலாம். டீசல் மாட்டினா அந்தக் கதவு மூடிடும். ஆனா விண்டேஜ் பதிவு வாங்கின வண்டியை தினசரி வேலைக்கு ஓட்ட முடியாது. எஸ்டேட்டுக்கு தினம் போற வண்டியா, ஷெட்டுல வெச்சுப் பார்க்கற வண்டியா? இதை வீட்டுல உட்கார்ந்து பேசி முடிவெடுங்க. எதுவானாலும் பழைய எஞ்சினை எடைக்குப் போடாதீங்க. எண்ணெய் விட்டு, துளைகளை அடைச்சு, கட்டி வைங்க.

மாட்டற வேலை

தூக்கறதுல இருந்து ஆரம்பிப்போம். எஞ்சின் 200 கிலோ கணக்குல வரும். போர்டிகோ பீம்ல செயின் பிளாக் தொங்க விடற ஐடியாவை சிவில் டிபார்ட்மென்ட் நண்பன்கிட்ட சொல்லிப் பாருங்க, திட்டுவான். அந்த பீம் அதுக்காக டிசைன் பண்ணினது இல்ல. எஞ்சின் கிரேன் வாடகைக்கு எடுங்க.

கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இருக்கற இடத்துலயே விடுங்க. இந்த ஜீப்புல டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியீடு நடுவுல இல்ல, ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும். ஆக்சில்லயும் டிஃபரென்ஷியல் அதே பக்கம். பெட்டியை நகர்த்தினா ரெண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட நீளமும் கோணமும் மாறிடும். யுனிவர்சல் ஜாயிண்ட் 10 டிகிரி மடங்கினா, ஒரு சுத்துக்குள்ள வேகம் ரெண்டு தடவை ஒன்றரை சதவீதம் ஏறி இறங்கும். ரெண்டு முனையிலயும் கோணம் சமமா இருந்தாத்தான் அது ரத்தாகும். அதனால பின்பக்கம் ஃபிக்ஸ், புது எஞ்சின் எவ்வளவு நீளமோ அது முன்னாடிதான் போகணும். ரேடியேட்டர் ஃபேன் இடிக்குதா, ஆக்சில் மேலே வரும்போது ஆயில் சம்ப் இடிக்குதான்னு ஸ்பிரிங்கை முழுசா அமுக்கிப் பாருங்க. நின்ன வண்டியில இடிக்காதது பள்ளத்துல இடிக்கும்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கற அடாப்டர் பிளேட்தான் இந்த வேலையோட உயிர். போல்ட் ஓட்டை சரியா இருந்தா போதும்னு நினைக்காதீங்க. போல்ட் இறுக்கத்தான் செய்யும், இடத்தைக் குறிக்கறது டவல் பின். கிராங்க் ஷாஃப்ட் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டுல இருக்கணும். ஃப்ளைவீல்ல டயல் கேஜை மாட்டி, கிராங்கைக் கையால சுத்தி, பெல் ஹவுசிங்கோட நடு ஓட்டையைச் சுத்திப் பாருங்க. முள் மொத்தமா ஆடறது 0.25 மி.மீ.க்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா கிளட்ச் சரியா விடாது, பைலட் பேரிங் சீக்கிரம் போகும், கியர் தானா கழண்டுக்கும். மெட்ராலஜி லேப்ல நாம தூங்கிக்கிட்டே எடுத்த ரீடிங் இதுதான்.

அடுத்து எஞ்சின் மவுண்ட். நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக்னா ஒரு சுத்துக்கு ரெண்டு ஃபயரிங். 750 ஆர்.பி.எம். ஐடில்ல அது வினாடிக்கு 25, அதாவது 25 ஹெர்ட்ஸ். அதிர்வு சேஸிக்குக் கடத்தப்படாம இருக்கணும்னா மவுண்ட்டோட இயல்பு அதிர்வெண், 25-ஐ ரூட் ரெண்டால வகுத்து வர்ற 17.7 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கணும். 10 ஹெர்ட்ஸ் வெச்சுக்கிட்டா, எஞ்சினை இறக்கி வெச்சதும் ரப்பர் சுமார் 2.5 மி.மீ. அமுங்கணும். அமுங்கவே இல்லையா? ரப்பர் ரொம்பக் கெட்டி, கண்ணாடி முதல் பல்லு வரைக்கும் ஆடும். ஸ்கேல் வெச்சு அளந்து பார்க்கலாம், சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

டீசல் டேங்க் விஷயம் கவனமா. இந்த ஜீப்புல டேங்க் டிரைவர் சீட்டுக்குக் கீழே. பெட்ரோலுக்கு ஒரு பைப் போதும். டீசலுக்கு பம்ப்ல இருந்தும் இன்ஜெக்டர்ல இருந்தும் திரும்பி வர்ற எண்ணெய்க்கு ரிட்டர்ன் லைன் வேணும். அதுக்காகப் பழைய டேங்க்ல யாரையும் வெல்டிங் வைக்க விடாதீங்க. கழுவிக் காய வெச்ச பெட்ரோல் டேங்க்ல கூட ஆவி தங்கியிருக்கும், வெடிக்கும். புது டேங்க் செஞ்சுக்கறது நல்லது.

வயரிங்ல பெரிய பாடம் இல்ல. பழைய வண்டி சிலது 6 வோல்ட், பார்த்துக்கோங்க. டீசலைச் சுத்த வைக்கப் பெரிய பேட்டரியும் தடியான கேபிளும் வேணும், எர்த் கேபிளும் அதே தடிமன்ல.

முதல் ஸ்டார்ட் அன்னைக்கு ஒரு விஷயம் ரெடியா இருக்கணும். பெட்ரோல் எஞ்சின்ல சாவியைத் திருப்பினா கரண்ட் நின்னு எஞ்சினும் நிக்கும். டீசல் அப்படி நிக்காது, எண்ணெய் வர்ற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். ஸ்டாப் கேபிளோ ஃப்யூல் கட் சோலினாய்டோ முதல்லயே மாட்டி, கையால இழுத்துப் பார்த்துடுங்க. அதோட ஏர் இன்டேக் வாயை முழுசா மூடற அளவுக்கு ஒரு மரப்பலகையைப் பக்கத்துல வெச்சுக்கோங்க. கவர்னர் சிக்கி எஞ்சின் ஓடிப்போனா காத்தை அடைக்கறதுதான் கடைசி வழி. கையால மூடப் போகாதீங்க, துணியும் வேண்டாம், உள்ளே இழுத்துடும்.

ஸ்டார்ட் ஆனதும் நேரா மலைக்குப் போகாம, தெருவுக்குள்ளயே 50 கி.மீ. ஓட்டுங்க. ஓட்டி முடிச்சு எஞ்சின் ஆறினதும் மவுண்ட் போல்ட், பெல் ஹவுசிங் போல்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரென்ச் வெச்சு மறுபடி செக் பண்ணி, ஒவ்வொரு போல்ட் தலையிலயும் பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க. அடுத்த தடவை குனிஞ்சு பார்க்கும்போது கோடு விலகியிருந்தா எது லூஸ் ஆகுதுன்னு அதுவே காட்டிடும்.