தங்க நிற ஷாக்குக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

கையில் முப்பதாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் அடுத்த டிராக் நாள் வருவதற்குள் பின்பக்கம் தங்க நிறத்தில் நல்ல மோனோஷாக் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். இதே கேள்வியோடு உன் வயதுப் பிள்ளைகள் பலர் வருகிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன். இப்போது வாங்காதே. அந்தப் பணத்தில் பாதிகூடச் செலவாகாமல் உன் 150 சிசி வண்டி டிராக்கில் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றிவிடலாம். எந்த வேலை முதலில், எது பிறகு என்பது தெரிந்தால் போதும்.

சின்ன வண்டிக்கு சஸ்பென்ஷன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் பார். ஆயிரம் சிசி வண்டிக்காரர் வளைவில் பத்து கிலோமீட்டர் வேகத்தை இழந்தாலும் அடுத்த நேர்பாதையில் ஆக்சிலரேட்டரைத் திருகி எடுத்துக்கொள்வார். உனக்கு அந்த வசதி கிடையாது. நேர்பாதை முடிந்து சி1 என்ற முதல் வலது வளைவுக்குள் நீ கொண்டுபோகிற வேகம்தான் உன் சொத்து. அங்கே முன்பக்கம் ஒரு நொடி நடுங்கினால் கை தானாக ஆக்சிலரேட்டரை மூடிவிடும். போன வேகம் திரும்ப அரைச் சுற்று ஆகும். கார்புரேட்டர் ஜெட், சைலன்சர், ஈசியூ என்று ஓடுகிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் உள்ள ஒரு டிராக்கில் உன் நேரம் வளைவுகளில்தான் கிடக்கிறது.

முதல் வேலை, இருப்பதைச் சரிசெய்வது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டு. 'டக்' என்று ஒரு சத்தமோ ஆட்டமோ இருந்தால் ஸ்டீயரிங் தலையின் பேரிங்கான கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓர் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கோன் செட் தேய்ந்து குழிந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும். இந்த நிலையில் உலகத்தின் விலை உயர்ந்த ஃபோர்க்கைப் போட்டாலும் வண்டி ஒழுங்காக வளையாது. அதேபோல் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் வீல் பேரிங்கையும் பார். பின்ஷாக்குக்கு லிங்கேஜ் உள்ள வண்டி என்றால் அதைக் கழற்றி, துடைத்து, புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டு. மழையில் ஓடிய வண்டிகளில் அந்த பேரிங் துருப்பிடித்து இறுகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஷாக் செத்துப்போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஷாக் நன்றாக இருக்கும், லிங்க்தான் அசையாமல் கிடக்கும்.

பிறகு ஃபோர்க் ஆயில். பழைய வண்டி வாங்கியிருக்கிறாய், அதில் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று விற்றவருக்கே தெரியாது. வடித்துப் பார்த்தால் கறுத்து, உலோகத் தூள் கலந்து வரும். ஆயிலும் ஆயில் சீல்களும் சேர்ந்து இரண்டாயிரத்தைச் சுற்றித்தான் ஆகும். திரும்பப் பூட்டும்போது ஆக்சிலையும் பின்ச் போல்ட்டுகளையும் தளர்வாக வைத்து, முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைப் பலமுறை நன்றாக அமுக்கி எழுப்பிவிட்டு அப்புறம் இறுக்கு. இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக உட்காரும், உராய்வு குறையும். ஒரு பைசா செலவில்லாத வேலை. செய்பவர்கள் மிகக் குறைவு.

இனி அளப்பதற்கு வருவோம். இந்தக் கடிதத்தில் நீ ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வாய் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நீ ஏறி உட்கார்ந்ததும் வண்டி தாழ்கிறதே, அதை டிராக்கில் எல்லோரும் 'சேக்' என்பார்கள். இரண்டு நண்பர்களைக் கூப்பிடு. ஃபோர்க் குழாயில் தூசி சீலுக்கு மேலே தெரியும் பளபளப்பான பகுதியை, சக்கரம் தரையைத் தொடாதபோது அளந்துகொள். அது முழு நீளம். பிறகு லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு டிராக்கில் உட்காரும் நிலையில் உட்கார். அந்தச் சாமான்களே பத்து கிலோவுக்குப் பக்கம் வரும், அதனால் வீட்டு உடையில் அளந்தால் கணக்குத் தப்பும். ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, இன்னொருவர் முன்பக்கத்தை அமுக்கி மெல்ல மேலே வரவிட்டு ஓர் அளவு எடுக்கட்டும். அடுத்து, கொஞ்சம் தூக்கி மெல்ல இறங்கவிட்டு இன்னொரு அளவு. இரண்டின் சராசரியை முழு நீளத்திலிருந்து கழித்தால் உன் சேக். இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் உராய்வைச் சொல்லும். அது மிக அதிகமாக இருந்தால் எங்கோ வளைவு, தேய்மானம், இறுக்கம் இருக்கிறது என்று பொருள்.

டிராக்குக்கு முன்பக்கம் 30 முதல் 35 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். பின்பக்கத்துக்குச் சக்கரம் நகரும் மொத்த தூரத்தில் கால் பங்கிலிருந்து முப்பது விழுக்காடு வரை வை. உன் வண்டியை முதல்முறை அளக்கும்போது முன்னால் 45, 50 என்று வந்தால் திகைக்காதே. கம்பெனி அதைச் செய்தது குண்டும் குழியுமான சாலைக்கும் வேகத்தடைக்கும்தான்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். சேக் அதிகம் என்றதும், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோடைக் கூட்டி, ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று நம்புகிறார்கள். ஆகாது. கம்பியின் கனம், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை இவைதான் ஸ்பிரிங்கின் கடினத்தை முடிவுசெய்கின்றன. பிரீலோட் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டும். சரியான ஸ்பிரிங் உள்ளதா என்று கண்டுபிடிக்க, நீ உட்காராமல் வண்டி தன் எடையில் எவ்வளவு தாழ்கிறது என்றும் பின்பக்கம் அளந்து பார். நீ உட்காரும்போது அளவு சரியாக இருக்கிறது, ஆனால் வெறும் வண்டியில் தாழ்வே இல்லை என்றால், உன் ஸ்பிரிங் மெலிது. பிரீலோடால் மூச்சைப் பிடித்து நிற்கிறது. நீ உட்காரும்போது சரி, வெறும் வண்டியே நிறையத் தாழ்கிறது என்றால் ஸ்பிரிங் உனக்கு மிகக் கடினம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வெறும் வண்டியில் 5 முதல் 10 மில்லிமீட்டர் தாழ்ந்தால் நல்லது.

ஸ்பிரிங்தான் உன் பணம் முதலில் போகவேண்டிய இடம். வெளிநாட்டில் பெரிய வண்டிகளுக்கு எடைவாரியாக ஸ்பிரிங் விற்கிறார்கள். நம் சின்ன வண்டிகளுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் செய்துகொள்ளலாம். அம்பத்தூரிலும் கோவையிலும் ஸ்பிரிங் சுற்றும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. போகும் முன் உன் பழைய ஸ்பிரிங்கின் கடினத்தை நீயே அள: எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நிறுத்தி, கோணாமல் இருக்க உள்ளே ஒரு பைப்பை விட்டு, டிரில் பிரஸ்ஸால் 20 மில்லிமீட்டர் அமுக்கு. கூடுதலாகக் காட்டும் கிலோவை 20 ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும்.

கம்பியின் கனம் நான்காம் அடுக்காக வேலை செய்யும். 4 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 4.2 போட்டால் கடினம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். வெறும் 0.2 மில்லிமீட்டர்! அதனால் பட்டறைக்காரரிடம் 'கொஞ்சம் ஹார்டா போடுங்க' என்று சொல்லிவிட்டு வராதே, எண்ணைச் சொல். சுற்றிய பிறகு சூளையில் வைத்து இறுக்கம் தளர்த்தவும், முழுக்க அமுக்கிச் செட் எடுக்கவும் கேள். அதைச் செய்யாத ஸ்பிரிங் சில டிராக் நாட்களிலேயே நீளம் குறைந்துபோகும். கனமான கம்பி சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் நிலைக்குச் சீக்கிரம் போகும் என்பதால், ஃபோர்க் முழுக்க இறங்கும்போது இடம் மிச்சம் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொள்.

இன்னும் மலிவான வழி பழைய ஸ்பிரிங்கையே வெட்டுவது. சுருள் குறைந்தால் கடினம் கூடும். வேலை செய்யும் சுருள்கள் 30 இருந்து அதில் மூன்றை எடுத்தால் ஒன்பதில் ஒரு பங்கு கூடும். குறைந்த நீளத்துக்கு லேத்தில் அலுமினிய ஸ்பேசர் கடைந்து போடவேண்டும். வெட்டும்போது கம்பி சிவக்கக்கூடாது, வெட்டிய முனையில் தட்டையான வாஷர் உட்காரவேண்டும். இதை இழிவாக நினைக்காதே. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் இறக்குமதிச் சாமான் எளிதில் கைக்கு வராது. பட்டறையில் கடைந்ததைக் கொண்டுதான் ஓட்டினார்கள். கோவையில் கரிவர்தன் பந்தயக் கார்களை இங்கேயே கட்டினார். அங்கே செட்டிபாளையத்தில் உள்ள டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பந்தயம் லேத்திலும் வெல்டிங்கிலும் வளர்ந்தது. அந்தக் கைவேலையை உன் தலைமுறை விட்டுவிடக்கூடாது என்பது என் ஆசை.

ஸ்பிரிங் சரியானதும் டேம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் தடை. உன் ஃபோர்க்கில் இருப்பது துளையிட்ட டேம்பர் ராடு. ஆயில் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கும்போது தடை பிறக்கிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். அதனால்தான் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தடையில்லாமல் அமிழ்கிறது, அதே ஃபோர்க் கூர்மையான மேட்டில் கல்லாகி மணிக்கட்டில் அடிக்கிறது. ஆயிலைக் கெட்டியாக்கினால் அமிழ்வது குறையும், அடி கூடும். இந்த முடிச்சை ஓரளவு அவிழ்ப்பது எமுலேட்டர் என்ற வால்வு. ராடின் தலையில் உட்கார்ந்து, ஃபோர்க் அமுங்கும்போது வேண்டிய கம்ப்ரெஷன் தடையைத் தான் பார்த்துக்கொள்ளும். ராடின் கம்ப்ரெஷன் துளைகளைப் பெரிதாக்கிவிட வேண்டும். ஃபோர்க் எழும்போது வேண்டிய ரீபவுண்ட் தடையை முன்போலவே ஆயிலின் கெட்டித்தன்மைதான் தீர்மானிக்கும். முழு கார்ட்ரிட்ஜ் வாங்கும் விலையில் சிறு பங்குதான் ஆகும், பயனோ பெரிது. முன்பக்கத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியாது.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் இருக்கும் 10, 15 என்ற எண்ணை நம்பிக் கம்பெனி மாற்றாதே. ஒருவரின் 10 இன்னொருவரின் 15 ஆக இருக்கும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று தகவல் தாளில் பார், அதுதான் உண்மை அளவு. ஒரே கம்பெனியின் இரண்டு ஆயில்களைக் கலந்து நடுவான கெட்டித்தன்மை பெறலாம். ஆயில் மட்டத்தை 5 மில்லிமீட்டர் உயர்த்தினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, ஃபோர்க் அடியைத் தொடப்போகும் கடைசிக் கட்டத்தில் மட்டும் தடை கூடும். கேபிள் டை ஒன்றைக் குழாயில் கட்டிவிட்டால் எதுவரை இறங்கியது என்று ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தெரியும்.

பின்பக்கத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. முன்பக்கத்தை நம்ப முடியாதவரை பின்பக்க ஷாக்கின் குறையை உன்னால் உணரவே முடியாது. உணரும்போது வாங்கு. ஐந்தாறு சுற்றுகளுக்குப் பிறகு வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் மிதப்பதுபோல் இருந்தால், உள்ளே ஆயிலும் வாயுவும் கலந்து நுரைத்து டேம்பிங் போய்விட்டது. கம்பெனி ஷாக்குகள் பெரும்பாலும் மூடி அடைத்தவை, திறக்க வழியில்லை. அவற்றைத் துளைத்துக் கேஸ் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதே; அழுத்த வாயு அடைத்த பொருள் அது, நீயும் வீட்டில் திறக்காதே. திறந்து பழுதுபார்க்கக்கூடிய, உன் எடைக்கு ஸ்பிரிங் கேட்டு வாங்கக்கூடிய ஷாக்காக வாங்கு. புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் பெரிய வண்டியின் ஷாக் மலிவாகக் கிடைக்கும், ஆசையாக இருக்கும். இரு முனை போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள நீளமும் ஸ்ட்ரோக்கும் பொருந்தினால் மட்டும் போதாது, லிங்கேஜ் விகிதமும் பொருந்தவேண்டும். சக்கரம் நகரும் தூரம் ஷாக் நகர்வதைப்போல் இரு மடங்கு என்றால், ஸ்பிரிங்கின் கடினத்தில் கால் பங்குதான் சக்கரத்தில் உணரப்படும். லிங்க் இல்லாத வண்டியின் ஷாக் லிங்க் உள்ள வண்டியில் ஒத்துவராததற்கு இதுதான் காரணம்.

டிராக்கில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுது. டயர் காற்றழுத்தத்தை டிராக்கை விட்டு வெளியே வந்த கையோடு, சூடு ஆறுவதற்குள் பார். சஸ்பென்ஷன் குறை என்று வரும் புகார்களில் பல காற்றோடு தீர்ந்துவிடுகின்றன. பக்கத்துக் கொட்டகைக்காரரின் டேம்பிங் திருகின் கிளிக் எண்ணிக்கையை வாங்கி உன் வண்டியில் வைக்காதே. அவர் எடை வேறு, ஸ்பிரிங் வேறு.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றியதைச் சோதிக்க விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகாதே. டிராக்குக்காகக் கடினமாக்கிய வண்டி மணல் படிந்த தார்ச்சாலையில் பிடிப்பை இழக்கும். எதிரே பால்காரர் வருவார், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். காத்திருந்து டிராக்கிலேயே சோதி.

இந்த வாரம் கோன் செட்டைப் பார், ஆயிலை மாற்று, நண்பர்களை அழைத்து அள. முன்னும் பின்னும் எடுத்த எல்லா அளவுகளையும், சாமான்களோடு உன் எடையையும் எழுதி அனுப்பு. கம்பி எந்தக் கனத்தில் சுற்றச் சொல்லலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்