வேலியில்லா வயல்கள்: லாக்ஸ்டன் கிராமத்தின் கதை

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருகின்றனர். ஏர் பிடித்த எளியவரின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பெரும்பாலும் எங்கும் இல்லை. ஆனால் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்திலுள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூரில் அது மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இன்றும் அதை வாசிக்கலாம்.

பெயரில்லாத ஒரு பெண்

நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் மன்னர், 1086-ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் கணக்கெடுக்கச் செய்தார். டூம்ஸ்டே ஏடு எனப்படும் அந்தக் கணக்கில் லாக்ஸ்டனும் இடம் பெற்றுள்ளது. 22 குடியானவர்கள், 7 குடிசைவாசிகள், 5 அடிமைகள், ஓர் அடிமைப் பெண், 40 ஏக்கர் புல்வெளி என்று ஊரின் உடைமைகள் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. நிலத்தை இழந்த பழைய உரிமையாளரின் பெயர் டோக்கி. புதிய பிரபுவின் பெயர் ஜெஃப்ரி ஆல்செலின். அந்த அடிமைப் பெண்ணின் பெயரை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை.

பிரபுக்கள் ஊரின் வடபுறத்தில் மண்ணைக் குவித்து மேடாக்கி, அகழி தோண்டிக் கோட்டை கட்டினர். ராபின் ஹுட் கதைகளால் நாம் அறிந்த ஷெர்வுட் காட்டின் காவலர் பதவி, வழிவழியாக இந்த லாக்ஸ்டன் பிரபுக்களிடம் இருந்தது. இன்று கோட்டை இல்லை; புல் மூடிய மேடு மட்டுமே நிற்கிறது. அதிதூதரான புனித மிக்கேல் ஆலயத்தில், எவரிங்ஹாம் பிரபு குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் உருவம் மரத்தில் செதுக்கப்பட்டு இன்றும் காக்கப்படுகிறது.

மூன்று பெருவயல்கள்

ஆயினும் லாக்ஸ்டனின் உண்மையான செல்வம் அதன் வயல்களே. மில் வயல், தென் வயல், மேற்கு வயல் என மூன்று பெருவயல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நீண்ட கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டது. கீற்றுகளுக்கு இடையே வேலி கிடையாது. ஒரு குடும்பத்தின் கீற்றுகள் ஒரே இடத்தில் இராமல் மூன்று வயல்களிலும் சிதறிக் கிடந்தன. அதனால் நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், மேடும் பள்ளமும் எல்லாருக்கும் பங்காயின.

ஒரு வயலில் முதலாண்டு கோதுமை விளையும். அடுத்த ஆண்டு வாற்கோதுமை, அவரை போன்றவை இளவேனிலில் விதைக்கப்படும். மூன்றாம் ஆண்டு நிலம் தரிசாகக் கிடந்து இளைப்பாறும். ஆடுமாடுகள் அதில் மேய்ந்து எருவிடும். இப்படி மூன்று வயல்களும் முறை மாறி வந்தன. ரசாயன உரம் இல்லாத அந்தக் காலத்தில் நிலத்தின் வளம் கெடாமல் காத்தது இம்முறையே.

1635-ஆம் ஆண்டில் மார்க் பியர்ஸ் என்னும் நில அளவையாளர் இவ்வூரின் ஒவ்வொரு கீற்றையும் அளந்து, பெரியதொரு வரைபடம் வரைந்தார். உழுபவரும் அறுப்பவரும்கூட அதில் சிறு ஓவியங்களாக உள்ளனர். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் அது இன்றும் இருக்கிறது.

ஊர் மன்றம்

வேலி இல்லாவிட்டால் பக்கத்துக் கீற்றில் ஒரு சால் கூடுதலாக உழுதுவிட யாருக்கும் ஆசை வராதா? வரும். அதற்காகவே 'கோர்ட் லீட்' என்னும் ஊர் மன்றம் ஏற்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், உழவர்களே ஜூரிகளாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவர். எல்லை மங்கிய இடத்தில் முளை அடிப்பர். பொதுப் பாதையை உழுதவரைக் குறித்துக்கொள்வர். அடுத்த வாரம் ஊர் விடுதியில் மன்றம் கூடி அபராதம் விதிக்கும். தொகை சிறியதுதான். ஆனால் அண்டை வீட்டார் முன்னிலையில் தவறு சொல்லப்படுவது சிறிய தண்டனையன்று!

மற்ற ஊர்கள் இழந்தது

இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இம்முறை மறைந்துவிட்டது. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களால் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலத்தை வேலியிட்டுத் தனித்தனியே பிரித்தது. விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் பொது மேய்ச்சலை நம்பி ஒரு பசுவை வளர்த்த ஏழைக் குடும்பங்கள் அதை இழந்தன.

லாக்ஸ்டனோ தப்பியது. 1952-இல் அரசின் வேளாண்மை அமைச்சகம் இவ்வூர் நிலத்தை வாங்கிப் பாதுகாத்தது. 1981-இல் அது அரச உடைமை ஆணையத்திடமும், 2020-இல் அருகிலுள்ள தோர்ஸ்பி பண்ணையிடமும் சென்றது. இப்போது உழவர் தொகை குறைந்துவிட்டது. கீற்றுகளும் பழைய காலத்தைவிட அகலமானவை, டிராக்டர்கள் உழுகின்றன. தரிசு முறையில் கிடந்த வயலில் தீவனப் புல்லும் வளர்க்கிறார்கள். எனினும் மன்றம் கூடுவது நிற்கவில்லை.

மாணவியரே, சிந்தித்துப் பாருங்கள். கோட்டை கட்டிய பிரபுவின் வலிமை புல்மேடாயிற்று. அந்தப் பெயரில்லாப் பெண்ணும் அவளைப் போன்றோரும் பாடுபட்ட வயல்களோ இன்றும் விளைகின்றன. அவற்றைக் காத்தது மதிலன்று. "இதுவரை என்னுடையது, இதற்குமேல் உன்னுடையது" என்று ஆண்டுக்கொரு முறை ஒன்றாக நடந்து பார்த்து ஒப்புக்கொண்ட அயலாரின் நேர்மையே. ஓர் ஊரின் உண்மையான பழஞ்செல்வம் அதுவன்றோ!