கிராங்க் புல்லியைக் கழற்றப் போகும் தம்பிக்கு

டைமிங் பெல்ட்டோ முன்பக்க ஆயில் சீலோ மாற்ற வேண்டுமென்றால் கிராங்க் புல்லி வெளியே வந்தாக வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அவசரப்பட்டு நல்ல பொருளைப் பாழாக்குவதை இந்த இடத்தில்தான் நிறையப் பார்க்கிறேன். அதனால் சொல்கிறேன், தம்பி.

1. புல்லரைத் தொடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார். புல்லி எதைப் பிடித்து நிற்கிறது? நடுவில் ஒரே பெரிய போல்ட்டா, சுற்றிலும் சிறு போல்ட்டுகளா? முகத்தில் மரை வெட்டிய ஓட்டைகள் உண்டா? பல எஞ்சின்களில் புல்லி ஒரு கீயின்மேல் சும்மா சொருகியிருக்கும். போல்ட் வந்ததும் இரு கையாலும் அசைத்தால் போதும், புல்லர் தேவையே இல்லை. அழுத்தி ஏற்றிய புல்லிக்குத்தான் புல்லர்.

2. இதை மனதில் நன்றாக வாங்கிக்கொள். இன்றைய கார் புல்லி பெரும்பாலும் ஒரே இரும்பு அல்ல. நடுவில் ஹப், வெளியே பெல்ட் ஓடும் வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். கிராங்க் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வை அடக்குவது அந்த அமைப்புதான். மூன்று கால் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தால் ஹப் அசையாது, ரப்பர் கிழியும். கிழிந்தது உடனே கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். வளையம் மெல்ல நழுவும். டைமிங் குறி அந்த வளையத்தில் இருந்தால் குறியே பொய் சொல்லும். அதை நம்பி டைமிங் வைத்தவன் காரணம் தெரியாமல் அலைவான். ஆகவே இழுப்பு எப்போதும் ஹப்பில்தான் விழவேண்டும்.

3. ஹப்பில் மரை ஓட்டை இருந்தால் தட்டுப் புல்லர் எடு. பல ஜப்பானியக் கார்களில் அவை எம்8 அளவு. போல்ட்டைக் கையாலேயே திருகி ஏற்று. இரண்டு சுற்றோடு நிறுத்தாதே, போல்ட்டின் தடிமன் அளவுக்காவது உள்ளே போகட்டும். தட்டு சாயாமல் நேராக நிற்கவேண்டும். ஓட்டையே இல்லாத புல்லிக்குக் கால் புல்லர்தான் கதி. அப்போதும் ஆரங்களுக்குள் நுழைந்து ஹப்பின் பின்புறத்தைப் பிடிக்கும் ஒல்லிக் கால்கள் உள்ளதைத் தேர்ந்தெடு. பின்னால் சென்சாருக்கான பல்வளையம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

4. புல்லரின் நடுத்திருகை ஷாஃப்டின் ஓட்டைக்குள் நேரே விடாதே, உள் மரை போய்விடும். அதற்கென்று உள்ள கம்பியை வை. இல்லையென்றால் வாஷரைக் கழற்றிவிட்டு அதே போல்ட்டைத் திரும்ப ஏற்றி, புல்லி நகர இடம் விட்டு, அதன் தலைமேல் அழுத்து.

5. பெரிய போல்ட்டைத் தளர்த்தும்போது புல்லி சுற்றாமல் பிடிக்கவேண்டும். ஹோண்டாவின் பல எஞ்சின்களில் புல்லி நடுவே 50 மி.மீ. அறுகோணக் குழி இருக்கும். அதில் உட்காரும் ஹோல்டர் தனியாகக் கிடைக்கிறது, வாங்கி வை. மற்றவற்றில் ஃபிளைவீல் பல்லைப் பூட்டும் கருவி நல்லது. செயின் ரெஞ்சை வெளி வளையத்தில் சுற்றினால் மறுபடியும் ரப்பர்தான் முறுகும். டைமிங் பின்னைப் பிடிமானமாக நம்பவே நம்பாதே. அது நிலையைக் காட்டுவதற்கு மட்டும். இந்த முறுக்குக்கு முறியும். இம்பேக்ட் கன் என்றால் அதற்கான தடித்த ஆறுமுக சாக்கெட் போடு, எக்ஸ்டென்ஷனைக் குட்டையாக வை.

6. பவர் பாரைச் சேசிஸில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிப் போல்ட்டைக் கழற்றும் வித்தை யார் காட்டினாலும் செய்யாதே. பார் தெறித்தால் எலும்பு நொறுங்கும். பழைய ஹோண்டா எஞ்சின்கள் பல எதிர்ப்புறம் சுழல்பவை. அவற்றில் போல்ட் இறுகத்தான் செய்யும்.

7. ஃபோர்டு டியூராடெக் போன்ற சில எஞ்சின்களில் கீயே கிடையாது. அந்த ஒரு போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங் ஸ்ப்ராக்கெட்டையும் பிடித்திருக்கிறது. டைமிங் கருவிகள் கையில் இல்லாமல் தளர்த்தாதே.

8. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதே. அலுமினிய டைமிங் கவர் விரியும்.

9. திரும்ப ஏற்றும்போது சுத்தியல் வேண்டாம். அடி த்ரஸ்ட் வாஷருக்குப் போகும். இறுக்கமான புல்லிக்கு ஏற்றும் கருவி இருக்கிறது. இரண்டு மூன்று மரை மட்டுமே பிடித்த போல்ட்டால் இழுத்து ஏற்றினால் மரை உரியும். இறுக்க அளவை அந்த வண்டியின் மேனுவலில் பார். புதுப் போல்ட் போடச் சொல்லியிருந்தால் பழையதை மறுபடி போடாதே.