குளத்து மீனும் மூளையின் ஆணையும்

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் கோயிற்குளம் போன்ற தேங்குநீரில் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டைகளை விட்டால் அவை வளரும், சினையும் கொள்ளும், ஆயினும் முட்டையிடா. மழைவெள்ளம் பாயும் ஆறுகளிலேயே அவை இனம் பெருக்குபவை. குளத்தில் குறைவது சினையன்று, மூளையின் ஆணையே.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ், பத்து அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு ஒன்றைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அச்சுரப்பியின் ஹார்மோன் சினைப்பையை அடைந்து முட்டைகளை வெளிவரச் செய்கிறது. கெண்டைகளில் டோபமின் என்னும் பொருள் இத்தூண்டலைத் தடுக்கிறது.

1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். ஆற்றில் பல இனங்கள் கலந்து கிடைத்த குஞ்சுகளையே நம்பியிருந்த நிலை அதன்பின் மாறலாயிற்று.

பெப்டைடின் அமைப்பு 1971-இல்தான் தெரியவந்தது. ஷாலி, கீய்மான் ஆகியோர் பன்றி, ஆடு ஆகியவற்றின் எண்ணிறந்த மூளைகளைத் திரட்டியும் பெற்றது சிறிதளவே. இத்தகைய நுண்ணளவை அறிய யாலோ வகுத்த முறையைப் பந்தியை உவமையாக்கி வகுப்பில் விளக்கலாம். எதிர்ப்பொருள்கள் எண்ணி இட்ட இலைகள். கதிரியக்கமேற்றிய பெப்டைடும் மாதிரியிலுள்ள பெப்டைடும் அவற்றிற்குப் போட்டியிடும் விருந்தினர். இலைகளில் கதிரியக்கம் குறைந்தால் மாதிரியில் பெப்டைடு மிகுதி என்பது பொருள். மூவரும் 1977-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இயற்கைப் பெப்டைடு உடலில் விரைவில் சிதைந்துவிடும். ஆகவே, எளிதிற் சிதையாதவாறு மாற்றியமைத்த பெப்டைடுடன், டோபமினின் தடையை நீக்கும் டாம்பெரிடோனும் சேர்ந்த மருந்து இன்று பயன்படுகிறது. பிட்யூட்டரிச் சாறு பெண்மீனுக்கு இருமுறை வேண்டும். இம்மருந்து ஒருமுறையே போதும். ஆயினும் சினை முதிராத மீனுக்கு இது பயன்தராது. வயிறு மென்மையாகப் புடைத்திருத்தலையும், கழிவாய் சிவந்து தடித்திருத்தலையும் கண்ட பின்னரே ஊசியை எடுத்தல் வேண்டும்.