கூடப்பிறந்தவர் பேசாதிருக்கும் காலம்



பணிவிடை முடிந்து இனிமம் வாங்கிய பிறகு தாங்கல் திண்ணையில் உட்கார்ந்து மக்கள் தங்கள் சங்கடங்களைச் சொல்லுவார்கள். நோய், கடன், பிள்ளைகளின் கல்யாணத் தடை இவையெல்லாம் நாலு பேர் கேட்கவே சொல்லப்படும். ஒரு சங்கடம் மட்டும் மெதுவான குரலில் வரும். "எங்க அண்ணன் என்கிட்ட பேசுறதில்ல." எத்தனை வருஷமாக என்று கேட்டால் பத்து, பதினைந்து என்பார்கள். இருபது என்று சொன்னவரும் உண்டு.

"விட்டுக்கொடுத்துச் சேர்ந்து போங்க" என்று சொல்லி அனுப்புவது சுலபம். அப்படிச் சேர்ந்து போக முடிந்தவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. ஆள் அனுப்பிப் பார்த்து, நேரில் போய் நின்று பார்த்து, கதவு திறக்காமல் திரும்பி வந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர் பேசுவது நம் கையில் இல்லை. பேசாத அந்தக் காலத்தை நாம் எப்படி வாழ்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

நம்முடைய பகுதியில் இந்தப் பிணக்குகள் பெரும்பாலும் பாகப்பத்திரத்தில்தான் தொடங்குகின்றன. நிலத்தை அளந்து கல் போட்டு விடலாம். ஆனால் பொதுவழியும் கிணறும் இரண்டு பேருக்கும் பொது என்று எழுதியிருக்கும். அங்கேதான் வாய்த்தகராறு வரும். கிணற்றின் வாய்க்குக் குறுக்கே சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி, இந்தப் பக்கம் ஒரு கப்பி என்று இறைக்கிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே சுவர், கீழே ஒரே ஊற்று.

இதைப் பார்க்கும்போது சாமிதோப்பு முத்திரிக்கிணறு நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரு சாதியார் இறைக்கும் கிணற்றை இன்னொரு சாதியார் தொடக்கூடாது என்று இருந்த திருவிதாங்கூரில், எல்லோரையும் ஒரே கிணற்றில் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார் அய்யா வைகுண்டர். அந்தக் கிணற்றில் பதமிட்டுவிட்டுப் பதிக்குள் போகிற நாம், ஒரு தாய் வயிற்றில் பிறந்தவரோடு ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பங்கிட முடியாமல் நிற்கிறோம்.

பெண் மக்கள் விஷயம் தனி. 2005-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் சமபங்கு உண்டு. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அக்கா தங்கச்சியை வீட்டுப்படி ஏறவிடாத அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். உரிமையைக் கேட்பது பகை ஆகாது. கேட்டவளைப் பகையாளி ஆக்குவதுதான் பகை. என் கருத்து இது. கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

விலகி இருப்பது வேறு, பகைத்து இருப்பது வேறு. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற அண்ணன், பெண்டு பிள்ளைகளைக் கேவலமாகப் பேசுகிற தம்பி, கையெழுத்தை ஏமாற்றி வாங்குகிறவர் இவர்களிடமிருந்து விலகி இருப்பது பாவமில்லை. அய்யா போதித்த பொறுமைக்கு, அடி வாங்கிக்கொண்டே அருகில் நில் என்று அர்த்தமில்லை. ஆனால் தள்ளி நின்ற பிறகும் ஒவ்வொரு நாளும் அவரை மனசுக்குள் கூட்டிவந்து வைத்து ஏசுகிறோமே, அங்கேதான் கலி குடியிருக்கிறது. எதிராளி அடுத்த தெருவில் நிம்மதியாகத் தூங்குவார். தூக்கம் போவது நமக்கு.

சிங்காரத்தோப்புச் சிறைக்கு அய்யாவைக் கொண்டு போனபோது மக்கள் கொதித்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். திரும்பி வந்த பிறகும் பழி தீர்க்கப் படை திரட்டவில்லை. எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். கடல் ஓரத்தில் அவர்கள் தினமும் குளித்து, தினமும் துணி துவைத்தார்கள். நேற்றுத் துவைத்தோமே என்று இன்றைக்கு விடவில்லை. கோபமும் அப்படித்தான். ஒரு நாள் பதியில் அழுதுவிட்டால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மறுநாள் காலையில் அவருடைய பைக் சத்தம் கேட்டதும் மறுபடியும் அழுக்குப் படியும். மறுபடியும் துவைக்க வேண்டியதுதான். பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேல் முகம் மாறி, அப்பாவின் ஜாடை தெரியத் தொடங்கும். பேசாத அண்ணனும் அதே ஜாடையோடுதான் இதே கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இனி நடைமுறைக்கு வருவோம். கல்யாண அழைப்பிதழில் பெரியப்பா சித்தப்பா பெயர்களை வரிசையாகப் போடுகிறோம். பேசாதவர் பெயரை அதில் விட்டுவிடாதீர்கள். அவர் வராவிட்டாலும் அச்சில் அந்த உறவு இருக்கட்டும். ஒரு பத்திரிகையை மூன்றாவது ஆள் கையில் கொடுத்தனுப்புங்கள். துஷ்டி வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும். போய், செய்ய வேண்டிய முறையைச் செய்துவிட்டு, பேச்சை எதிர்பார்க்காமல் திரும்பி வரலாம். பிள்ளைகள் வழியில் அவரைப் பார்த்து "பெரியப்பா" என்று கூப்பிட்டால் அதட்டக் கூடாது. நம் வழக்கைப் பிள்ளைகள் தலையில் எழுதி வைக்க நமக்கு உரிமை இல்லை. ஊராரிடம் அவரைப் பற்றிக் குறை சொல்வதை நிறுத்தினாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். நாம் சொல்லுகிற ஒரு வார்த்தை அவர் காதுக்குப் போய்ச் சேரும்போது நாலு வார்த்தையாகியிருக்கும்.

எங்கள் தாங்கலுக்கு வரும் அண்ணன் தம்பி இருவரைச் சொல்லுகிறேன். அண்ணன் காலைப் பணிவிடைக்கு வருவார், தம்பி சாயங்காலம் மட்டும் வருவார். திருநாளில் அன்னதர்மத்துக்கு ஒருவர் முதல் பந்தியில் இருந்தால் மற்றவர் கடைசிப் பந்தி. இருவருக்கும் நாமம் சாத்துவது நான்தான். ஒருவர் விஷயத்தை மற்றவரிடம் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. அவர்களுக்கும் பொதுக்கிணறு ஒன்று இருக்கிறது. முன்பு தூர் வாரும் செலவை அண்ணன் மட்டுமே கொடுத்து வந்தார், தம்பியிடம் கேட்டு ஆள் அனுப்பவும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரையில், முக்குக் கடைக்காரர் கையில் பாதிப் பணம் வந்து சேர்ந்தது. யார் கொடுத்தது என்று அண்ணன் கேட்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார். இன்றுவரை இருவருக்கும் பேச்சு இல்லை. சித்திரைதோறும் பாதிப் பணம் வருகிறது.